நோயாளிக்கு உணவும் சிகிச்சையே



கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில், நோயுற்றுப் பாயில் படுத்தோரின் உணவைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

காய்ச்சல் கண்டால் பட்டினி போடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். ஆனால் உடலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதன் சக்திச் செலவு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. உணவு கிட்டாவிடில், உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. மூச்சிழுக்கவும் இருமிச் சளியை வெளியேற்றவும் அத்தசையன்றோ வேண்டும்!

2020-ல் பரவிய கொரோனா இதனைத் தெளிவாக்கிற்று. சுவையும் மணமும் அறியாது பலர் உணவை வெறுத்தனர். காய்ச்சல் நீங்கிய பின்னரும் நடக்க வலுவின்றித் தவித்தனர். அவ்வாண்டு ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ வல்லுநர்கள் வகுத்த நெறிப்படி, முதிய நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. அதாவது, 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராமே. வெறும் அரிசிக் கஞ்சியில் மிகச் சொற்பம்.

ஆகவே கஞ்சியில் சிறுபயறு சேர்ப்போமாக. பால், முட்டை, மீன் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பலமுறை அளிப்போமாக. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உடையோருக்கும், பல நாள் உண்ணாதிருந்தோருக்கும் டாக்டரின் யோசனைப்படியே உணவளித்தல் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேரும்போதும் வீடு திரும்பும்போதும் நோயாளியின் எடையைக் கேட்டறிதல் நலம். எடை குறைந்து திரும்பியவரின் வீட்டிலே கூலியும் நின்றிருக்கும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவ்வீடுகளைக் கண்டறிந்து, கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிப்பதைக் கடமையாகக் கொள்ளவேண்டும். கையில் வலு மீண்டாலன்றோ, பாய் நெய்வோர் மீண்டும் தறியில் அமர இயலும்!