பதினாலு நாள்

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஐடி விங் பயிலரங்கத்துல நான் பேசினது இது. வீடியோவுல ஆடியோ சரியா வரலைன்னு நிறைய பேர் சொன்னதால எழுத்தா போடுறோம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. படிச்சது இசிஇ, இங்கே பண்றது போஸ்டர் டிசைன். தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கொடூரமான குற்றச் செய்திக்குக் கீழே நான் ஒரு கமெண்ட் போட்டேன். "இவனையெல்லாம் இருட்டு ரூம்ல தனியா போடணும், சாகுற வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது." நானூறு லைக்குக்கு மேல வந்தது. லைக் போட்டதுல பாதி நம்ம ஆளுங்கதான். உங்கள்ல சிலர் கூட இருக்கலாம், சிரிக்காதீங்க.

அந்த "தனியா போடுறது"ன்னா என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெரியும்னு நினைச்சேன். 2020ல ஊருக்குத் திரும்பி வந்தப்போ மாடி ரூம்ல 14 நாள் இருந்தேன். கையில போன், டேட்டா, ஜன்னல் எல்லாம் இருந்தது. அம்மா படிக்கட்டுல தட்டை வச்சுட்டு "எடுத்துக்கடா"ன்னு குரல் கொடுப்பாங்க. அப்படி இருந்தும் ஒன்பதாவது நாள் ஃபேன்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன். உண்மையைத்தான் சொல்றேன்.

இப்போ சட்டத்துக்கு வாங்க. 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 11, பிரிவு 12. கடுங்காவல் தண்டனை கொடுக்கும்போது அதுல ஒரு பகுதியைத் தனிமைச் சிறையா வைக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. மொத்தமா மூணு மாசம் வரை, ஒரே தடவையில 14 நாளுக்கு மேல கூடாது. காலனிய சட்டத்தைத் தூக்கி எறிஞ்சு புதுச் சட்டம் கொண்டு வந்தோம்னு பெருமையா சொன்னாங்க இல்லையா? 1860ல போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தோட 73, 74ஆம் பிரிவுகளை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்பர்தான் மாறியிருக்கு. இத்தனைக்கும் தனிமைச் சிறை இந்தக் காலத்துக்கு ஒவ்வாது, எடுத்துடுங்கன்னு சட்ட ஆணையம் தன்னோட 42வது அறிக்கையிலேயே சொல்லியாச்சு. அது வந்தது 1971ல.

ஆனா நிஜப் பிரச்சினை நீதிபதி எழுதிக் கொடுக்கிற இந்த 14 நாள் இல்லை. எந்த உத்தரவும் இல்லாம உள்ளே நடக்கிறதுதான். 1894ஆம் வருஷத்து சிறைச்சாலைகள் சட்டம், பிரிவு 30, மரண தண்டனைக் கைதியை மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு தனி செல்லுல வைக்கணும்னு சொல்லுது. அதை வச்சுக்கிட்டு, கீழ்க்கோர்ட்டு தூக்குன்னு சொன்ன அன்னைக்கே ஆளைத் தனியா பூட்டிடுவாங்க. திகார்ல அப்படி இருந்த சுனில் பத்ரா உச்சநீதிமன்றம் போனாரு. 1978ல தீர்ப்பு வந்தது. அந்த அமர்வுல இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் தானே சிறைக்குள்ள இருந்துட்டு வந்தவர். 1957ல கேரளாவுல அமைச்சரா சிறைத் துறையையும் பார்த்தவர். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆளுன்னு வச்சுக்கோங்க. தீர்ப்போட சாரம் இதுதான்: தனி செல் வேற, தனிமைச் சிறை வேற. மத்த கைதிங்க கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்துல அந்த ஆள் இருக்கணும். அப்பீல், கருணை மனு எல்லாம் முடியுற வரைக்கும் அவரைப் பிரிவு 30ல அடைக்கவே கூடாது.

சரி, தீர்ப்பு வந்துடுச்சு, மாறிடுச்சான்னு கேட்பீங்க. கர்நாடகாவுல பெலகாவி சிறை. 2006ல இருந்து பத்து வருஷம் ஒரு மரண தண்டனைக் கைதி தனிமையில வைக்கப்பட்டிருந்தார். பதினாலு நாள் இல்லை, பத்து வருஷம். 2022 நவம்பர்ல உச்சநீதிமன்றம் இது சட்டவிரோதம்னு சொல்லி, தூக்கை ஆயுளாக் குறைச்சது. குறைஞ்சது 30 வருஷம் உள்ளே இருக்கணும்னும் சொன்னாங்க. அவர் செஞ்ச குற்றம் பாலியல் வன்கொடுமை, கொலை. நான் கமெண்ட் போட்டேனே, அதே மாதிரி குற்றம். இதைப் படிச்சப்போ எனக்கு உடனே அவர் மேல இரக்கம் வரலை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கேள்வி வந்தது. எந்த நீதிபதியும் கொடுக்காத ஒரு தண்டனையை, பத்து வருஷம், யார் கொடுத்தது?

இன்னொரு பையன் கதை சொல்றேன். நியூயார்க், காலிஃப் பிரவுடர். 2010ல அவனுக்கு வயசு 16. ஒரு பேக்பேக்கைத் திருடினான்னு பிடிச்சாங்க. ஜாமீன் 3,000 டாலர், வீட்டுல கட்ட முடியலை. ரைக்கர்ஸ் தீவு சிறையில மூணு வருஷம். அதுல கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் தனிமை. விசாரணையே நடக்கலை. குற்றத்தை ஒத்துக்கோ, விட்டுடுறோம்னு ஆசை காட்டினாங்க. செய்யாததை ஒத்துக்க மாட்டேன்னுட்டான். 2013ல வழக்கையே கைவிட்டு வெளியே அனுப்பினாங்க. 2015 ஜூன்ல, 22 வயசுல, வீட்டுலயே தற்கொலை பண்ணிக்கிட்டான். அடுத்த ஜனவரியில அமெரிக்க மத்திய அரசு சிறைகள்ல சிறார்களைத் தனிமையில அடைக்க ஒபாமா தடை போட்டாரு. அப்போ இந்தப் பையன் கதையைத்தான் சொன்னாரு.

இது எங்கேயோ அமெரிக்காவுலன்னு விட்டுடாதீங்க. நம்ம நாட்டுச் சிறைகள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க. ஜாமீன் கட்ட வழியில்லாம, தேதி வராம உட்கார்ந்திருக்கிறவங்க. நம்ம தலைமுறை கட்சிக்காரங்களுக்கு ஜெயில்னா மறியல் பண்ணினதும் கல்யாண மண்டபத்துல வச்சு, பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் விட்டுடுறதுதான். அதனால இது நமக்கு உறைக்காது.

சிறைக் காவலர் பக்கத்தையும் சொல்லணும். சக கைதியைக் கத்தியால குத்துறவனை என்ன பண்றது? உயிருக்கு ஆபத்து இருக்கிறவனை எங்கே வைக்கிறது? நியாயமான கேள்வி. 2015ல ஐநா கொண்டு வந்த மண்டேலா விதிகளும் தனிமையை முழுசா ஒழிக்கலை. வேற வழியே இல்லாதப்போ, முடிஞ்ச அளவு குறைஞ்ச காலத்துக்கு, சுதந்திரமான மறுஆய்வுக்கு உட்பட்டுதான் வைக்கணும். நாளைக்கு 22 மணி நேரம் மனுஷ முகம் இல்லாம தொடர்ந்து 15 நாளுக்கு மேல போகவே கூடாதுன்னு சொல்லுது. நியூயார்க்குல அந்த 15 நாள் வரம்பைச் சட்டமாவே கொண்டு வந்தாங்க. 2025 பிப்ரவரியில, அதை ரத்து செய்னு கேட்டு காவலர்கள் வேலைநிறுத்தமே பண்ணினாங்க. ஆள் பத்தாது, ஓவர்டைம் தாங்க முடியலைங்கிறதும் அவங்க குறை. அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆள் இல்லாத இடத்துல பூட்டுதான் சுலபமான வழி. ஆனா ஆள் பற்றாக்குறைக்கு ஆள் எடுக்கணும், இல்லையா?

நம்ம வேலை என்னன்னா, அடுத்த தடவை ஏதாவது வழக்குல டிரெண்டிங் போகும்போது "தனியா அடை"ன்னு டேக் போடாதீங்க. "எத்தனை நாளா, யார் உத்தரவுல"ன்னு கேளுங்க. பிரிவு 11, 12 பத்தி ஒரு கார்டு டிசைன் பண்ணி வச்சிருக்கேன், மாவட்ட குரூப்புல போட்டுடுறேன்.

அந்தப் பழைய கமெண்டை நான் அழிக்கலை. அதுக்குக் கீழேயே போன மாசம் பதில் எழுதினேன், நான் சொன்னது தப்புன்னு. பதினோரு லைக் வந்திருக்கு. மூணு பேர் திட்டியிருக்காங்க, அதுல ஒருத்தர் நம்ம ஒன்றியச் செயலாளர். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்காரு. அண்ணே, டீ குடிச்சுட்டு பேசுவோம்.