வீட்டைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

(கப்பல்துறையில் வீடு வாங்க நினைக்கும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



எத்தனை தலைமுறை இருந்தாலும் லயத்துக் காம்பிரா நம் பேரில் இல்லை. அதனால்தான் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் சொந்தமாக ஒரு வீடு வேணும் என்று நினைக்கிறோம். 1977 கலவரத்துக்குப் பிறகு திருகோணமலை, வவுனியா பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நமக்கு உண்டு. கப்பல்துறையில் மலிவாக ஒரு வீடு இருக்கிறது என்று அவர்கள் சொன்னதும் கிளம்பிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பத்தோடு நாங்களும் வீடு பார்க்கப் போனோம். சுவரைத் தட்டிப் பார்த்தோம். கூரையைப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தும் பார்த்தோம். காகிதத்தை மட்டும் கேட்கவில்லை. பணம் கொடுத்த பிறகுதான் அது அனுமதிப்பத்திரக் காணி என்று தெரிந்தது. முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டிச் சேர்த்த காசு திரும்பி வரவில்லை. கூடப் போயும் கேட்காமல் விட்டோமே என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா?" என்பதே. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கொடுத்த அரச காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது.

உறுதி இருந்தால் அதன் இலக்கத்தை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். யார் பேரில் இருக்கிறது, ஈடு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கணும். நில அளவைப் படத்தோடு எல்லையை நடந்து பார்க்கணும். நொத்தாரிசு முன் சாட்சிகளோடு எழுதாத வெள்ளைத் தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காணி விற்பனைக்கு அது செல்லாது. 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான்.

அடுத்தது கணக்கு. கையில் 10 இலட்சம் இருந்தால் 10 இலட்ச ரூபா வீட்டைப் பேசக் கூடாது. முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 10 இலட்சத்துக்கு அதுவே 39,000 ரூபா. நொத்தாரிசு கூலி, மின்சாரம், கூரை திருத்தம் எல்லாம் அதற்கு மேலே. இதற்கெல்லாம் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் விலை பேசணும்.

கடைசியாகத் தண்ணீர். நம் மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு சரி. மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி மாதத்தில் போய் எட்டிப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஓர் அறையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். உறுதி இல்லாத காணிக்கு உறுதியைப் பிறகு கட்ட முடியாது. முற்பணம் கொடுக்கும் முன் காகிதத்தின் பிரதியை எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இந்த முறை கேட்காமல் விட மாட்டோம்.