கயார்க் கோட்டை
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பிரான்சு தேசத்தின் வடபாலுள்ள நோர்மண்டியிலே, சேன் நதியின் வளைவொன்றைப் பார்த்தபடி, வெண்சுண்ணக் குன்றின்மேல் இடிந்த கோட்டையொன்று நிற்கின்றது. கயார்க் கோட்டை என்பது அதன் பெயர். கட்டுவித்தவன் இங்கிலாந்தின் அரசனும் நோர்மண்டியின் கோமகனுமாகிய முதலாம் றிச்சேட். சிங்கநெஞ்சன் எனச் சரித்திரத்திற் படிக்கிறோமே, அவனேதான்.

அவ்விடத்தை அரண்செய்வதில்லையென்று 1196ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்புடன் உடன்படிக்கை செய்திருந்தான். நிலமோ றுவான் அதிமேற்றிராணியாருக்குரியது. அவர் சினந்து நோர்மண்டியெங்கும் வழிபாட்டை நிறுத்தினார். வழக்குப் பாப்பரசர்வரை சென்றது. முடிவில் வேறு நிலங்களை ஈடாகக் கொடுத்தான். இத்தனைக்கும் நடுவே, இரண்டே ஆண்டுகளில், 1198இல் கோட்டை எழும்பிவிட்டது! மறுவருடம் வேறொரு முற்றுகையில் அம்புபட்டு மாண்டான். அரசு தம்பி ஜோனுக்கு வந்தது.

1203இல் பிலிப் முற்றுகையிட்டான். ஜோன் அனுப்பிய உதவிப்படை தோற்றது. அவனோ டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டான். அடிவாரப் பட்டினத்து மக்கள் கோட்டையை நம்பி உள்ளே புகுந்திருந்தனர். காவலன் றோசர் டி லேசி இருந்த தானியத்தைக் கணக்கிட்டான். போரிட இயலாதவர்களை வெளியே அனுப்பினான். முதலில் வந்தோரைப் பிலிப்பின் படை போகவிட்டது. கடைசிக் கூட்டத்தின்மீதோ அம்பு பாய்ந்தது. திரும்பி ஓடிவந்தார்கள். கோட்டைக் கதவு அடைத்திருந்தது.

மாரிக்குளிரில், இரு படைகளுக்கும் நடுவே, முதியோரும் பெண்களும் குழந்தைகளுமாகப் பட்டினி கிடந்தனர். பலர் மாண்டனர். நெடுநாட் சென்றபின் பிலிப் கண்டிரங்கி, எஞ்சியோருக்கு உணவளித்து அனுப்பினான். இதை எழுதிவைத்தவர் பிலிப்பின் குருவானவராகிய வில்லியம். தம் அரசன் புகழ் பாடவந்தவரே இதனையும் மறைக்கவில்லை.

றோசரைக் கொடியவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்க நான் துணியேன். கோட்டை வீழ்ந்தால் நோர்மண்டியே வீழும் என்பதை அவன் அறிவான். ஆயினும், நம்பி வந்த குடிகளை வெளியே நிறுத்திவிட்டு அரண் காப்பது எதனைக் காப்பது? இளைஞர்கள் தம்முள் வாதிட்டுப் பார்க்கட்டும்.

அவன் கணக்கும் பலிக்கவில்லை. ஜோன் கட்டிச்சேர்த்த தேவாலயத்தின் சாளரவழியே பகைவர் நுழைந்தனர் என்பர். மலக்கூடத் துவாரம் என்பாரும் உளர். 1204 மார்ச் 6ஆந் தேதி கோட்டை பணிந்தது. யூன் மாதத்தில் றுவான் நகரும் பணிந்தது.

1599இல் நான்காம் ஹென்றி மன்னன் கோட்டையை இடிக்க ஆணையிட்டான். அதன் கற்களை அயலிலுள்ள துறவியர் தம் மடங்களைத் திருத்துதற்கு எடுத்துச் சென்றனர்.