வண்டியின் முகத்திலே ஒரு கேடயம்

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாதைகளிலே அந்தி சாய்ந்தபின் வண்டி செலுத்துவோர்க்கு ஓர் அச்சம் உண்டு. பகலெல்லாம் நிழலிலே படுத்திருக்கும் கங்காரு, மாலையிலும் வைகறையிலுமே மேய வெளிப்படும். விளக்கொளி கண்டு விலகாது, பாதைக்குக் குறுக்கே பாய்ந்துவிடும். வளர்ந்த ஆண் செங்கங்காரு 80 கிலோகிராமுக்கு மேலும் நிறைகொள்வதுண்டு. அது மோதினால் றேடியேற்றர் உடைந்து நீர் ஒழுகிவிடும். அடுத்த ஊரோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். வெயிலிலே தண்ணீரின்றித் தங்கிவிடுவது அங்கே உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த ஆபத்திலிருந்து பிறந்ததே உருக்கு முன்தாங்கி. 1975ஆம் ஆண்டிலே மெல்பேர்ணில் தொடங்கப்பெற்ற ஏ.ஆர்.பி. நிறுவனம் இத்தொழிலிலே பெயர் பெற்றது.

தாங்கியைப் பூட்டுதல் கடினமான வேலையன்று. ஆனால் ஒழுங்கு தவறலாகாது. முதலிலே பற்றரியின் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்தல் வேண்டும்; காற்றுப்பையின் மின்சுற்றிலே தங்கிய மின்சாரம் அடங்குதற்கு அவ்வளவு நேரம் தேவை. பின்னர்ப் பழைய பம்பரைக் கழற்றி, விளக்குக் கம்பிகளுக்கு அடையாளம் இடுவர். புதிய தாங்கியைச் சுமப்பது வண்டியின் மேலுடல் அன்று. அடியிலே நீண்டு கிடக்கும் இரு செசி உத்திரங்களே. அவற்றிலே உருக்குப் பிடிகளை அமைத்து, இருவர் சேர்ந்து தாங்கியைத் தூக்கி வைப்பர்.

இங்கேதான் பொறுமை வேண்டும். எல்லா ஆணிகளையும் முதலிலே கையால் மட்டும் முடுக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தை முந்தி இறுக்கினால் மறுபக்கத்துத் துளை பொருந்தாது, தாங்கியும் கோணிவிடும். இருபுற இடைவெளியையும் அளந்து சமன் செய்தபின்பே, செய்தவர் குறித்த அளவுக்கு இறுக்குவர். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை ஆணிகளைச் சோதித்தல் நன்று. தாங்கியின் பாரத்தால் முன்புறம் தாழ்ந்தால், வலுவான வில்லுகள் மாற்றவேண்டி வரும்.

உறுதியான இரும்பு எதுவாயினும் போதாதோ என நேயர்கள் வினவலாம். போதாது. மோதும்போது வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகின்றது என்பதை உணர்ந்தே காற்றுப்பை விரிகின்றது. மடங்கிக் கொடுக்கவேண்டிய முன்பகுதியிலே மடங்காத இரும்பைப் பூட்டினால், அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஆதலால், அளவோடு நசுங்கும் பிடிகளுடன், அந்தந்த வண்டிக்கென்றே சோதித்துச் செய்த தாங்கியே தகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நகரத் தெருவிலே அந்த இரும்பின் முன் வருவது கங்காரு அன்று. பள்ளிக்குச் செல்லும் சிறுபிள்ளை. தாங்கியின் உயரமும் பிள்ளையின் தலையின் உயரமும் பெரும்பாலும் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலே இவற்றுக்குக் கடுமையான சோதனை விதித்தமைக்கும், இந்திய மத்திய அரசு 2017 டிசெம்பரிலே இவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியமைக்கும் இதுவும் ஒரு காரணம்.

கேடயம் போர்க்களத்துக்கு உரியது. அங்காடித் தெருவுக்கு அன்று. தாங்கி வாங்க எண்ணுவோன் தன் வண்டி ஓடும் பாதை எது என்பதை முதலிலே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.