தென்காசித் தொகுதியின் தேர்தல் வரலாறு கூறும் பாடம்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இக்கழகத்தின் விழாவில், தென்காசி நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாறு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் ஓர் அரசு ஊழியன். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கும் உரிமை எனக்கில்லை. அத்தகைய விருப்பமும் இல்லை. ஆனால் வரலாற்றை எடுத்துரைப்பது ஆசிரியனின் கடமை. "தென்காசி தனித்தொகுதிதானே! யார் வென்றாலும் நம்மவர்தானே! நாம் வரிசையில் நின்று என்ன ஆகப்போகிறது?" என்று நம் இளைஞர்கள் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். இக்கூற்று சரிதானா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில், வாக்குரிமை வந்த வழியைச் சற்று நோக்குவோம். நாடாளுமன்ற முறைக்குத் தாயகம் என்று போற்றப்படும் பிரிட்டனில், 'ஓல்டு சேரம்' என்றொரு தொகுதி இருந்தது. அங்கே குடியிருப்போர் ஏறத்தாழ எவருமே இல்லை. ஆயினும் அது இரண்டு உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பி வந்தது. நிலவுடைமையாளரின் விருப்பமே அங்கே தேர்தல்! 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமே அத்தொகுதியை ஒழித்தது. இரகசிய வாக்கெடுப்பு அந்நாட்டிற்கு 1872-இல்தான் வந்தது. ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்கு 1928-இல் கிடைத்தது. பட்டதாரிகளும் வணிகர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகளை அளிக்கும் முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. அதாவது, ஆளுக்கு ஒரே வாக்கு என்ற நெறியின்படி பிரிட்டன் தன் முதல் பொதுத் தேர்தலை 1950-இல் நடத்தியது. நாமோ 1951–52-லேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்துத் தேர்தல் நடத்திவிட்டோம்.

அதற்கு முன் நம் நிலை என்ன? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி, சொத்தோ வரியோ கல்வியோ உடையவர்களுக்கே வாக்கு. மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே வாக்காளர்கள். நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோரில் எத்தனை பேர் அப்பட்டியலில் இடம்பெற்றிருக்க முடியும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலத்தில்தான் அண்ணல் அம்பேத்கரும், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினர். அதன் விளைவாக 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்தது. காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாணச் சபைகளில் 148 இடங்கள் நமக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றில் சென்னை மாகாணத்திற்கு 30. ஆனால் வாக்காளர் தொகுதி கூட்டுத் தொகுதி ஆயிற்று. நம் மக்கள் மட்டும் முதற்கட்டமாக வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பிறகு எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். விடுதலைக்குப் பின் வந்த அரசியலமைப்பில் இந்த முதற்கட்டத் தேர்வும் இடம்பெறவில்லை.

தனித்தொகுதி என்பதன் பொருள் இங்கேதான் அடங்கியிருக்கிறது. நிற்பவர் நம்மவராக இருக்க வேண்டும், தேர்ந்தெடுப்பவர் எல்லாரும். அண்ணலின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1952-இல் பம்பாய் வடக்குத் தொகுதியில், ஒதுக்கப்பட்ட இடத்திற்கே போட்டியிட்டு அவர் தோல்வியுற்றார். அரசியலமைப்பின் சிற்பியைத் தோற்கடித்து அந்த இடத்தைப் பெற்றவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்தாம்! "யார் வென்றாலும் நம்மவர்தானே" என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அந்நாளில் பல தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. ஓரிடம் பொது, மற்றோரிடம் ஒதுக்கீடு. 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடியினர் இருவரே அதிக வாக்குகள் பெற்று இரண்டு இடங்களையும் வென்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அங்கே தோற்று வழக்குத் தொடுத்தார். அவர்கள் வெற்றி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961-இல் இரட்டைத் தொகுதி முறையே சட்டத்தால் நீக்கப்பட்டது.

இனி நம் தொகுதிக்கு வருவோம். 1952 தேர்தலில் செங்கோட்டை வட்டத்து மக்கள் திருவாங்கூர்–கொச்சி இராச்சியத்தின் வாக்காளர்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் செங்கோட்டை நம் மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டே, 1957-இல், தென்காசி நாடாளுமன்றத் தொகுதியின் முதல் தேர்தல் நடைபெற்றது. அன்று வென்றவர் காங்கிரசின் எம்.சங்கரபாண்டியன். 1962-இல் அதே கட்சியின் எம்.பி.சாமி வென்றார்.

1967 முதல் இது தனித்தொகுதி. அவ்வாண்டு மாநிலமெங்கும் தி.மு.க. வெற்றி வாகை சூடியது. காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே நாடாளுமன்ற இடங்கள். அவற்றுள் ஒன்று தென்காசி, உறுப்பினர் ஆர்.எஸ்.ஆறுமுகம். 1971-இல் ஏ.எம்.செல்லச்சாமி. 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றவர் எம்.அருணாசலம். மத்திய அமைச்சராகவும் அவர் விளங்கினார். 1998, 1999 ஆகிய தேர்தல்களில் அ.தி.மு.க.வின் எஸ்.முருகேசன், 2004-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.அப்பாதுரை, 2009-இல் அதே கட்சியின் பொ.லிங்கம், 2014-இல் அ.தி.மு.க.வின் எம்.வசந்தி, 2019-இல் தி.மு.க.வின் தனுஷ் எம்.குமார், 2024-இல் தி.மு.க.வின் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார். 1957 முதல் 2024 வரை 17 பொதுத் தேர்தல்கள், 11 உறுப்பினர்கள். அவர்களுள் பெண்கள் இருவர் மட்டுமே. முதற்பெண் உறுப்பினரைக் காண நம் தொகுதி 57 ஆண்டுகள் காத்திருந்தது என்பதைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்வதால் மட்டும் பயனில்லை. அது கூறும் செய்தியைப் படிக்க வேண்டும். நான் படித்தவை மூன்று.

முதலாவது, கூட்டணியின் வலிமை. அருணாசலம் அவர்கள் 1977-இல் அ.தி.மு.க.வின் துணையோடும், 1980-இல் தி.மு.க.வின் துணையோடும் வென்றார். 1996-இல் அவர் கட்சியே தமிழ் மாநிலக் காங்கிரஸ் என்று மாறிற்று, ஆயினும் வென்றார். கம்யூனிஸ்ட் கட்சி 2004-இல் தி.மு.க. அணியில் நின்று வென்றது, 2009-இல் அ.தி.மு.க. அணியில் நின்று வென்றது. ஆகவே, தொகுதியின் வேட்பாளரை நம் தெருக்கள் முடிவு செய்வதில்லை. கட்சித் தலைமையிடங்களே முடிவு செய்கின்றன.

இரண்டாவது, நம் மக்களிடையே இயக்கம் கண்டு வளர்ந்த தலைவர்கள் இங்கே பெற்ற அனுபவம். புதிய தமிழகம் கட்சியின் நிறுவனர் மருத்துவர் க.கிருஷ்ணசாமி 1996-இலும் 2011-இலும் ஒட்டப்பிடாரத்தில் வென்று சட்டமன்றம் சென்றவர். ஆனால் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் பலமுறை நின்றும் அவரால் வெல்ல இயலவில்லை. 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இரண்டாமிடமே பெற்றார். 2024-இல் மூன்றாமிடம் பெற்ற பெ.ஜான்பாண்டியனும் இயக்கத் தலைவரே. இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். எவர் சரி, எவர் தவறு என்று கூற நான் வரவில்லை. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய பரப்பில், பிற சமூகத்தாரின் நம்பிக்கையையும் பெறாமல் எவரும் வெல்ல முடியாது என்பதே இதில் உள்ள பாடம்.

மூன்றாவது, ஒரு வாக்கின் மதிப்பு. 1999-இல் இங்கே வெற்றி தோல்வியை முடிவு செய்தது ஆயிரத்திற்கும் குறைவான வாக்குகள். இன்று இத்தொகுதியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் உள்ளன. சாவடிக்கு ஒரு வாக்கு என்ற கணக்கிற்குக்கூட எட்டாத வித்தியாசம் அது! வாக்குச்சாவடிப் பணிக்குச் சென்ற இடங்களில், பட்டியலில் பெயரில்லை என்று திரும்பிச் சென்ற இளைஞர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

நிற்க. இதிலிருந்து நாம் செய்யத்தக்கது யாது? தனித்தொகுதி நம்மவர் ஒருவரைச் சபைக்கு அனுப்புகிறது. அவர் நமக்குப் பதில் கூறுபவராக இருப்பாரா என்பதற்கு அது உறுதி தரவில்லை. அந்த உறுதியை நாம்தான் உண்டாக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பொழிந்து சிற்றாறு பெருகினாலும், மடையைத் திறந்து வாய்க்காலைச் செப்பனிட்டவன் வயலுக்கே நீர் பாயும்.

பதினெட்டு வயது நிரம்பியோர், பட்டியலில் பெயர் உள்ளதா என்று இந்த மாதமே பாருங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளைத் தகுதி நாளாகக் கொண்டு பெயர் சேர்க்க இப்போது வழியுண்டு. 1989 வரை 21 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் கல்வி, சொத்து, வழக்குகள் பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். அதனைப் படித்துவிட்டு வாக்களியுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அதில் 15 விழுக்காடு, அதாவது 75 இலட்சம், தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதிகளுக்கு என்று விதிமுறை கூறுகிறது. அப்பணம் எந்தத் தெருவிற்கு வந்தது, எந்த நூலகத்திற்கு வந்தது என்று பணிவோடும் எழுத்து மூலமாகவும் கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதே இக்கழகத்தின் பணி. கல்விக் கழக விழாவில் தேர்தல் பற்றிப் பேசுவதன் பொருத்தமும் அதுவே.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நாடாளுமன்ற, சட்டமன்ற ஒதுக்கீடு நிலையானதன்று. முதலில் பத்தாண்டுகளுக்கே தரப்பட்டது. மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 104-ஆம் திருத்தத்தின்படி 2030 ஜனவரி வரை செல்லும். தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஏழு தனித்தொகுதிகள். எவை அந்த ஏழு என்பது எல்லை வரையறையின்போது மாறக்கூடும். என்றென்றும் தென்காசியே தனித்தொகுதியாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

அடித்தளத்தில் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதையும் நாம் அறிவோம். 1997 ஜூன் 30-ஆம் நாள் மதுரை மாவட்டம் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்தலை முறையாக நடத்தி முடிக்கவே 2006 வரை பத்தாண்டுகள் ஆயின. நாம் விரலில் இட்டுக்கொள்ளும் மைக்குப் பின்னால் இத்தனை உயிர்களும் இத்தனை ஆண்டுகளும் இருக்கின்றன.

ஆகவே இளைஞர்களே, "வரிசையில் நின்று என்ன ஆகப்போகிறது" என்று இனி எவரேனும் கேட்டால், இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவரையும் உடனழைத்துச் சென்று வரிசையில் நில்லுங்கள்.