சாப்பாட்டுக்கு 1,458, பிழைப்புக்கு 1,042

கொழும்பில் பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடையைத் தாண்டி வடக்கே போகிறவர்களுக்கு ஒருகொடவத்தை என்றதும் கொள்கலன் லொறிகளின் வரிசைதான் நினைவுக்கு வரும். சுங்கத் திணைக்களத்தின் பரிசோதனை முற்றங்கள் இங்கே இருக்கின்றன. துறைமுகத்தில் இறங்கிய சரக்குப் பெட்டிகள் இங்கே வந்து முத்திரை உடைபட்டு, பார்க்கப்பட்டு, மறுபடி மூடப்பட்டு நாடெங்கும் போகின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் அந்தப் பெட்டிகளில் இருந்ததைக் கால் கிலோ, நூறு கிராம் என்று கடையில் வாங்குகிறார்கள். பல வீடுகளில் அதுவும் கொப்பிக் கணக்கில்.

ஒரு பக்கம் கிராண்ட்பாஸ், மறுபக்கம் சேதவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவை. களனி கங்கை பெருகினால் முதலில் நனைவது இந்தப் பகுதிதான். 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

நாட்டாமை வேலை, லொறி உதவியாள், பழைய இரும்பு, வீட்டு வேலை, வீட்டிலிருந்தே இடியப்பம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது: இங்குள்ள முடுக்குகளில் காசு வரும் வழிகள் இவை. எல்லாம் அன்றாடக் காசு. 2020 நவம்பரில் பேலியகொடைப் புதிய மெனிங் சந்தை திறக்கப்பட்டு, கோட்டைப் பக்கத்து மரக்கறி வியாபாரம் ஆற்றுக்கு அப்பால் போனபோது, அதை நம்பிச் சுமை தூக்கியவர்களின் நாளும் இடம் மாறியது. நகர அபிவிருத்தியின் கணக்கில் அது ஒரு வரி. சுமை தூக்குகிறவனுக்கோ அன்றிலிருந்து போகவர பஸ் காசும் ஒரு செலவு.

மிக வறிய குடும்பங்களுக்குப் பிழைப்புக்கான உதவியையும் ஊட்டச்சத்துத் திட்டத்தையும் சேர்த்துக் கொடுப்பது என்பதே இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள். சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகளில் இது அண்மைக்காலப் புதுமைபோலத் தோன்றும். கொழும்புக்கு இது புதிதல்ல.

1989இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச ஜனசவிய திட்டத்தைக் கொண்டுவந்தார். தெரிவுசெய்யப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபாய் நுகர்வுக்கு, 1,042 ரூபாய் சேமிப்புக்கு. 1,042ஐ 24ஆல் பெருக்கினால் 25,008. இரண்டு வருட முடிவில் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் தொழில் முதல் இருக்க வேண்டும் என்பதே அந்தச் சில்லறைக் கணக்கின் நோக்கம். பிரேமதாச வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவர். பசித்த வயிற்றோடு தொழில் தொடங்க முடியாது என்பதை அவருக்கு எந்த நிபுணரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய அரசியல்மீது ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் சாப்பாட்டையும் தொழிலையும் ஒரே படிவத்தில், ஒரே குடும்பத்தின் பெயரில் எழுதிய துணிவு அந்தத் திட்டத்தில் இருந்தது.

அதற்கு முன்னிருந்தது அரிசிப் பங்கீடு. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தொடங்கிய அந்தப் பங்கீட்டில் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது 1953 ஆகஸ்ட் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1979இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது, கடை விலை ஏறிக்கொண்டே போனது. நிலையான தொகையைக் கையில் கொடுத்து விலைவாசியைக் காற்றில் விட்டால் என்னாகும் என்பதை இந்த நாடு அப்போதே பார்த்துவிட்டது.

ஜனசவிய எங்கே தடுக்கியது? எல்லா வறிய குடும்பங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் போதவில்லை. அதனால் பிரிவு பிரிவாக, சுற்று சுற்றாகப் போனது. 1991இல் உலக வங்கி உதவியோடு அமைந்த ஜனசவிய நம்பிக்கை நிதியத்தில் கடன், கிராம வேலைகள் என்பவற்றோடு ஊட்டச்சத்துக்கென்றும் ஒரு பிரிவு இருந்தது. எண்ணம் சரி, ஆனால் அது தனி நிதியம், தனி அலுவலகம். 1993 மே 1 அன்று ஆமர் வீதிச் சந்தியில் பிரேமதாச கொல்லப்பட்டார். 1995இல் ஜனசவியவின் இடத்துக்குச் சமுர்த்தி வந்தது. பெயர் மாறிற்று, அட்டை மாறிற்று, பட்டியலில் கட்சிக்காரரின் கை மட்டும் மாறவில்லை.

இடியப்பம் போடும் ஒரு வீட்டின் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு. வறுத்த அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் இட்டு, பிரம்புத் தட்டுகளில் பிழிந்து, தட்டுகளை அடுக்கடுக்காய் அவித்து எடுக்க வேண்டும். விடிவதற்குள் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய சரக்கு நட்டம். ஐந்தரை மணிக்குத் தாய் திரும்பி வரும்போது பிள்ளைகள் எழும்பியிருக்கும். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளேன்டீயும் பிஸ்கட்டும், நல்ல நாளில் பாணும் பருப்பும். இடியப்பம் காசாக வேண்டிய பொருள். வீட்டில் எடுத்தால் முதல் குறையும். கைக்குழந்தை இருந்தால் அதன் கதை வேறு. இரவு வேலையும் பகல் தூக்கமுமாக இருக்கும் தாய்க்கு ஆறு மாதக் குழந்தைக்கு மசித்த சோற்றை நாளுக்கு மூன்று வேளை பொறுமையாக ஊட்ட நேரம் எங்கே?

இந்த வீட்டுக்கு ஒரு அரசசார்பற்ற நிறுவனம் புதிய அவியல் பானையும் கொஞ்ச முதலும் கொடுத்து வாழ்வாதார உதவி என்று எழுதிக்கொள்ளும். வருமானம் கூடும், உண்மை. தாயின் வேலை நேரமும் கூடும். குழந்தையின் எடை குறைந்தால் அது வேறு திணைக்களத்தின் அட்டையில், குடும்பநல உத்தியோகத்தரின் கோட்டுப் படத்தில், யாருடைய வெற்றிக் கணக்கிலும் சேராமல் பதிவாகும்.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தத் தொழிலே கவிழ்ந்தது. 12.5 கிலோ சமையல் எரிவாயு 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்; 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாய். அதையும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும், கிடைத்தால். முடுக்கில் இருந்தவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். முடுக்கிலிருந்து அடுக்குமாடிக்குக் குடியேற்றப்பட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை. எட்டாம் மாடியில் விறகடுப்பு எங்கே மூட்டுவது? அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கொழும்பு அர்பன் லாப் என்ற ஆய்வுக்குழு நகரத்து உழைக்கும் வறியவர்களைப் பற்றி எழுதிய அறிக்கைக்குச் சாப்பிடுவதற்காகக் கடன்படுதல் என்ற பொருளில் தலைப்பு வைத்தது. தொழிலுக்கென்று எடுத்த நுண்கடன் அரிசியாகிப் போன வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பு மிகையாகத் தெரியாது.

சேர்த்துக் கொடுத்தால் என்னாகும் என்பதற்கு நல்ல சான்று பங்களாதேஷில் இருக்கிறது. 2002இல் பிராக் நிறுவனம், நுண்கடனும் எட்டாத அடித்தட்டுக் குடும்பங்களுக்கு மாடு, ஆடு போன்ற சொத்து ஒன்றையும், அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குக் கைச்செலவுப் பணத்தையும், பயிற்சியையும், வீடு தேடி வந்து பார்க்கும் ஊழியரையும் ஒன்றாகக் கொடுக்கத் தொடங்கியது. அதைப் பின்பற்றிய முயற்சிகளை எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடையே ஆராய்ந்த முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் குடும்பங்களின் நுகர்வு உயர்ந்தே இருந்தது.

ஆனால் நமக்குக் கூடுதலாக உறைக்க வேண்டியது இன்னொரு பரிசோதனை. 2012 முதல் 2014 வரை, உலக உணவுத் திட்டமும் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் பங்களாதேஷ் கிராமங்களில் சில தாய்மாருக்குப் பணம் மட்டும், சிலருக்கு உணவு மட்டும், சிலருக்குப் பணத்தோடு ஊட்டச்சத்து வழிகாட்டலும் கொடுத்துப் பார்த்தன. வழிகாட்டல் என்றால் சுவரொட்டி அல்ல. கிழமை தோறும் கூட்டம், வீட்டுக்கு வருகை, மாமியாரையும் கணவனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச்சு. பணமும் வழிகாட்டலும் சேர்ந்த இடத்தில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் வீதம் 7.3 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. பணம் மட்டும் பெற்ற வீடுகளில் அப்படிக் குறையவில்லை, உணவு மட்டும் பெற்ற வீடுகளிலும் இல்லை. மாமியாரை அழைத்ததுதான் அதில் மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இலங்கையில் இன்று ஒரே வீட்டுக்கு மூன்று கோப்புகள். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு ஒன்று. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாயாக இருந்து 2025 ஜனவரி முதல் 17,500 ஆனது. தகுதி பார்க்க 22 அளவுகோல்கள், வீட்டின் நிலையும் அவற்றுள் அடக்கம். தகர வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம் தரை ஓட்டால் பணக்காரக் குடும்பமாகத் தெரியக்கூடிய ஆபத்து அதில் இருக்கிறது. இரண்டாவது கோப்பு, தொழிற்கடனுக்குச் சமுர்த்தி வங்கியில். மூன்றாவது சிகிச்சை நிலையத்தில், திரிபோஷா என்ற சத்துமாவுக்காக.

2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். சிசு மரணத்தைக் குறைத்ததற்காக உலகம் மெச்சும் நாட்டில் இந்த இரண்டாவது எண் வெட்கப்பட வேண்டியது. நெருக்கடிக்கு ஆறு வருடம் முந்திய எண் அது.

1973இல் தொடங்கிய திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த மா. மாதம் 750 கிராம் பைகள் இரண்டு. தாய்க்கோ எடை குறைந்த பிள்ளைக்கோ என்று கொடுப்பது, வறிய வீட்டில் உருண்டை பிடித்து எல்லோரும் சாப்பிடும் பண்டமாகிவிடுகிறது. இதைத் தாய்மாரின் அறியாமை என்று சொல்பவர்கள், ஐந்து பிள்ளைகள் பார்த்திருக்க ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கட்டும். 2021இல் இரசாயன உரத் தடை வந்து, சோளமும் தட்டுப்பாடாகி, அரச தொழிற்சாலை தடுமாறியபோது பைகளும் வராமல் போயின. நாட்டுக்கெல்லாம் ஒரே ஒரு தொழிற்சாலை.

கேரளத்தில் இதே வகை மாவை வேறுவிதமாகச் செய்கிறார்கள். கோதுமை, கடலை, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்த அமிர்தம் நியூட்ரிமிக்ஸை அங்கன்வாடி எனப்படும் குழந்தை நிலையங்களுக்குக் கொடுப்பவை, குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் நடத்தும் 200க்கும் மேற்பட்ட சிறு ஆலைகள். குழந்தைக்குப் போகும் ஒவ்வொரு பையும் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குச் சம்பளம். அரசு எப்படியும் வாங்கப்போகும் பொருள் என்பதால் விற்பனைக் கவலை இல்லை. வாழ்வாதாரத் திட்டம் என்று தையல் மெசினைக் கொடுத்துவிட்டு, தைத்ததை யார் வாங்குவது என்று கேட்காமல் போகும் நமது வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

நம் நாட்டிலும் விதைகள் இருக்கின்றன. வடக்கில் அம்மாச்சி உணவகங்களில் தோசையும் குரக்கன் பண்டங்களும் இலைக்கஞ்சியும் விற்றுப் பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள். தெற்கில் அதன் உடன்பிறப்பு ஹெல போஜுன். கொழும்பின் முடுக்குகளில் 1980களின் இறுதியில் சிறு குழுக்களாகத் தொடங்கி 1991இல் கூட்டுறவாகப் பதிவான மகளிர் வங்கி, கிழமைக்கு ஐந்து ரூபாய்ச் சேமிப்பிலிருந்து வளர்ந்தது. அது தொழிலுக்கு மட்டுமன்றி, அடகு மீட்கவும் வீட்டு அவசரத்துக்கும் கடன் கொடுத்தது. சாப்பாட்டுக் கடனை மறைக்கத் தேவையில்லாத பெண், தொழிற்கடனைத் தொழிலில் போடுவாள்.

ஒருகொடவத்தைக்கு மிகக் கிட்டிய வாய்ப்பு பாடசாலை உணவு. 2024இல் அது எல்லா ஆரம்ப வகுப்பு மாணவருக்கும், ஏறத்தாழ 16 இலட்சம் பிள்ளைகளுக்கு, விரிவாக்கப்பட்டது. ஒரு சாப்பாட்டுக்கு அரசு 110 ரூபாய் கொடுத்தது. பெரும்பாலும் சமைத்துக் கொண்டுவருவது அந்தச் சுற்றுப்புறப் பெண்களே. உலக உணவுத் திட்டம் சில மாவட்டங்களில் இப்படிச் சமைக்கும் பெண்களுக்குக் கோழி வளர்க்கவும் மரக்கறி நடவும் உதவியது. முட்டை பிள்ளையின் தட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு. கோழிக்கூடு வைக்க ஒருகொடவத்தையில் இடம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழியத் தெரிந்த கைகள் நிறைய உண்டு. அவர்கள் பாடசாலைக்குச் சமைத்தால் வேலை காலையோடு முடியும், தூக்கம் இரவில் கிடைக்கும், கைக்குழந்தைக்கு ஊட்ட வீட்டில் ஆள் இருக்கும். அதே கிழமையில் குடும்பநல உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போய்த் தாயோடும் பாட்டியோடும் பேசினால், பங்களாதேஷ் பரிசோதனையின் மற்றப் பாதியும் சேர்ந்துவிடும்.

தடை காசுதான். சமைத்துக் கொடுத்த பெண்களுக்குக் கொடுப்பனவு வரக் கிழமைகள், சில வேளை மாதங்கள் ஆவது நெடுநாள் முறைப்பாடு. அதுவரை அரிசிக் கடைக்காரனுக்கு யார் பதில் சொல்வது? கைமுதல் உள்ள ஒப்பந்தக்காரர் தாக்குப்பிடிப்பார். மிக வறிய வீட்டுப் பெண் இரண்டாவது கிழமையிலேயே விலகிவிடுவாள், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவாள். ஜனசவிய 24 மாதங்களுக்கு மாதம் 1,458 ரூபாய் ஒதுக்கியது இந்த இடைவெளியைத்தான் எண்ணி. இன்றைய கணக்கில் பாடசாலை ஒன்றுக்குச் சமைக்கும் பெண்ணுக்கு ஒரு மாதத் தொகையை முற்பணமாகக் கொடுத்து, தவணை முடிவில் நேர்செய்ய மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.