கேளாமல் வந்த மதிப்பு



கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு இரயிலில் செல்வோர் இடையே பரங்கிப்பேட்டை நிலையத்தைக் காண்பர். வெள்ளாறு கடலொடு கலக்கும் அவ்வூரில் சேவா மந்திர் என்னும் பள்ளி உண்டு. அதனைத் தோற்றுவித்தவர் டென்மார்க்கு நாட்டுப் பெண்மணியாகிய ஆன் மேரி பீட்டர்சன். கிறிஸ்தவ வாழ்வில் தொண்டு என்பது யாது என்பதை அவர் வரலாற்றைக் கொண்டு இன்று சிந்திப்போம்.

1909-ஆம் ஆண்டில் அவர் சமயப் பணியாளராக இந்நாட்டிற்கு வந்தார். அக்காலத்தில் ஐரோப்பியர் எவராயினும், கேளாமலே அவருக்கு மதிப்புக் கிடைத்தது. ஆளும் இனத்தாரல்லராயினும், ஆள்வோர்க்குரிய மரியாதை அவர்க்கும் வந்து சேர்ந்தது. தொண்டு செய்ய வந்தவர்க்கு இதனினும் பெரிய இடையூறு இல்லை. கேளாமல் வந்த மதிப்பு நாளடைவில் ‘எனக்கு உரியது’ என்ற எண்ணமாக வேரூன்றிவிடும். பின்னர்க் கொடுக்கும் கை மேலே நிற்கும். வாங்கும் கை கீழே நிற்கும். அன்புக்கு அங்கே இடமிராது.

அம்மையார் இவ்விடையூற்றை உணர்ந்தார். 1917-இல் தம் தோழி எஸ்தர் ஃபேரிங்குடன் அகமதாபாத் சென்று காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கண்டார். 1920-இல், தம்மை அனுப்பிய சங்கத்தை விட்டு நீங்கினார், கதராடை உடுத்தார். 1921 செப்டம்பரில் காந்தியடிகளே பரங்கிப்பேட்டைக்கு வந்து பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். இந்நாட்டுப் பெண்கள் இந்நாட்டு வாழ்வுக்கு ஒத்த கல்வி பெற வேண்டும் என்பதே அம்மையாரின் நோக்கம்.

இதற்கு வழிகாட்டி யார்? இயேசுநாதர் தம் சீடரின் கால்களைக் கழுவிய செய்தியை யோவானின் நற்செய்தியில் காண்கிறோம். பேதுரு முதலில் உடன்படவில்லை. அதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். குரு தாழ்ந்தால் சீடனும் தாழ வேண்டுமன்றோ? தம்மினும் பெரியார் பணிவதைக் காண நாம் கூசுவதற்கும் பலகால் இதுவே காரணம்.

என் அனுபவம் ஒன்றையும் கூறுகிறேன். பயிற்சி முடித்து ஆசிரியனான புதிதில், மாணவன் ஒருவன் நாள்தோறும் எனக்குக் குடிநீர் கொண்டுவந்து வைப்பான். ஒருநாள் அவன் வரவில்லை. நான் வகுப்பையே கடிந்துகொண்டேன். அடுத்த அறையிலிருந்த முதிய ஆசிரியர் ஒருவர், ஒன்றும் பேசாமல், பானையிலிருந்து நீர் முகந்து என் மேசைமீது வைத்துவிட்டுச் சென்றார். அந்நீரை என்னால் குடிக்க இயலவில்லை. மறுநாள் முதல், தலைமையாசிரியனாகி ஓய்வு பெறும்வரை, எனக்கு வேண்டிய நீரை நானே முகந்துகொண்டேன். சிறிய செயல்தான், ஆயினும் அதைக் கற்க எனக்கு ஓர் ஆசான் வேண்டியிருந்தது.

ஒன்றை மறவாதீர்கள். தாழ்த்தப்பட்டவன் நீதி கேட்பது செருக்கன்று. அது அவன் உரிமை. பணிவைப் பிறர்க்குப் போதிப்பதன்று தொண்டு. தான் முதலில் பணிவது. திருவதிகையில் அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தியதும் இவ்வகையிலேயே.

இன்றிரவு உண்டு எழும்போது, உங்கள் தட்டைக் கழுவுபவர் யார் என்று பாருங்கள். அதனை நீங்களே எடுத்துச் சென்றால், இப்பேச்சின் பயன் நிறைவேறியதாகும்.